பொங்கி வழிந்த குட்டி அடுப்பு

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஓர் அடுப்பை மாதக்கணக்கில் ஆராய்ந்து வாங்கினேன். வாங்கிய கையோடு அதன் தலையில் ஒரு சொம்புப் பாலை ஏற்றி, பொங்கி வழியவிட்டு, அடுப்பின் வாயை நானே அடைத்தும் வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். வேறு யாராவது என்றால் என் மனைவிதான். பாதி கள்ளக்குறிச்சிக்கு அவள் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டாள். மீதிப் பாதிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

நான் கரும்பு ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து காலம் கழித்தவன். மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் டிராக்டரும் மாட்டுவண்டியும் வரிசை கட்டி நிற்க, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டன் கணக்கில் எழுதித் தள்ளியவன். டன்னுக்குக் கீழே இருப்பதையெல்லாம் நான் எடை என்று மதித்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கிராம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. தெரிந்த வேகத்தில் பைத்தியமும் பிடித்தது.

பைத்தியத்துக்குக் காரணம் என் மனைவியின் நடை. சர்க்கரை ஏறியிருக்கிறது, தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு அது காதில் விழவில்லை. அவள் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். முதலில் முனகிக்கொண்டு சுற்றினாள். பிறகு பேசிக்கொண்டு சுற்றினாள். அப்புறம் மைதானம் போதாமல் ஏரிக்கரை வரைக்கும் போனாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வெறிச்சென்று கிடந்த வீட்டில், காலையில் செருப்பு மாட்டுகிறபோதுதான் அவள் முகம் தெளிவாக இருக்கும்.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே மேற்கே கைகாட்டினாள். மழை பெய்து ஓய்ந்த நாள். கல்வராயன் மலை கழுவிவைத்த மாதிரி தெரிந்தது.

"அந்தாண்ட பக்கம் இன்னா இருக்கும்?"

"சேலம் ஜில்லா."

"ஜில்லாவையா கேட்டேன்?"

அவள் பிறந்தது ரிஷிவந்தியம் பக்கம். சிறுவயதிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் மலைமேல் போனது இரண்டே தடவை, இரண்டும் பஸ்ஸில். முதல் வளைவிலேயே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையோடு போய் வந்தவள். கல்வராயன் மலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எலுமிச்சம்பழ வாசனைதான்.

"நடந்தே போயிடலாமா?" என்றாள். "கீழேருந்து வெள்ளிமலை. ராவு அங்க தங்கிட்டு, மறாநாளு கருமந்துறை. அந்தாண்ட பக்கம் எறங்கிப் பாத்துட்டு வந்துடலாம்."

கோயிலுக்கு வேண்டுதல் இல்லை, கல்யாணம் இல்லை, சாவு இல்லை. சும்மா ஒரு மலையைப் பார்க்க அவள் வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்று சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் உடனே சரி என்றேன். அப்புறம்தான் நிபந்தனை வந்தது.

"மலை மேல ஏறினதும் எனக்கு ஒரு டீ வேணும்."

"டீக்கடை இருக்குமே."

"ஆம்பளைங்க நடுவுல நின்னுக்கினு நான் குடிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். அதுவுமில்லாம கடையில சக்கரைய வாரிக் கொட்றான். நீங்க போட்டுக் குடுக்கணும். நான் ஒரு துரும்ப எடுத்து வெக்க மாட்டேன். சும்மா உக்காந்து மலைய பாத்துக்கினு, யாரோ போட்டுக் குடுத்த டீய குடிக்கணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மாதிரி ஒரு டீ குடிச்சதில்ல."

"அவ்ளோதானே!"

"அன்னிக்கி வூட்ல குடிக்காம வருவேன். மேல டீ கெடைக்கலன்னு வையுங்க, வாந்தி வந்தாலும் பரவால்லன்னு மொத பஸ்ல ஏறி வூட்டுக்கு வந்துடுவேன். அதுக்கப்புறம் வாக்கிங், மலை, ஒரு பேச்சும் என்னாண்ட பேசக் கூடாது."

காலையில் டீ குடிக்காவிட்டால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் பந்தயம் கட்டினாள்.

இப்படித்தான் அடுப்பு தேடும் படலம் ஆரம்பித்தது. கைப்பேசியைத் திறந்து, நெடுந்தூரம் நடக்கிறவர்கள் எந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். அங்கே ஓர் உலகமே நடந்துகொண்டிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டி எடையைக் குறைப்பவர்கள், பையில் தைத்திருக்கிற துணிச்சீட்டைப் பிய்த்துப் போடுபவர்கள். இவர்களைப் பார்த்துச் சிரித்த அன்றைக்கே என் பிரஷ்ஷை வெட்டினேன். தவறுதலாக அவளுடையதையும் வெட்டிவிட்டேன்.

அந்த உலகத்தில் எல்லோரும் போற்றுவது ஸ்பிரிட் அடுப்பை. குளிர்பானத் தகர டப்பாவைக் கத்தரித்து நாமே செய்துகொள்ளலாம், எடையே கிடையாது. டப்பாவை வெட்டி, விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, ஸ்பிரிட் எங்கே கிடைக்கும் என்று கேட்க பாயின் கடைக்குப் போனேன். பாய் என் பழைய சிநேகிதர். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார், கேஸ் அடுப்பும் பழுது பார்ப்பார். கடையில் இரண்டு மூன்று பேர் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றபடியே, கணீரென்று, "பாய், ஸ்பிரிட் எங்க வாங்கலாம்?" என்றேன்.

கடையில் குக்கர் மூடி சத்தம் நின்றுபோயிற்று. பாய் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அண்ணே, இந்த ஊர்ல நின்னுக்கினு கேக்கற பேச்சா இது?"

டீ போட என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத் தகர டப்பா வெட்டுகிற அவசரத்தில் நான் மறந்திருந்தேன். ஸ்பிரிட் கலந்த கெட்ட சரக்கு குடித்து ஆட்கள் போன வீடுகள் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. படத்துக்கு மாலை போட்டுவிட்டு அந்த வீட்டுப் பெண்கள் மறுபடி கூலிக்குப் போவதை தினமும் பார்க்கிறேன். நான் எதையும் கேலி பண்ணுகிறவன்தான். ஆனால் அன்று தலையைக் குனிந்துகொண்டு கடையை விட்டு வந்தேன். தகர டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

சுள்ளி போட்டு எரிக்கிற மடக்கு அடுப்பு ஒன்று இருந்தது. எரிபொருளைச் சுமக்கவே வேண்டாம். ஆனால் காட்டுப் பக்கம் தீ வைத்தால் வனத்துறை நம்மைச் சுமந்துகொண்டு போகும். அதோடு, "ஊதி ஊதி கண்ணு போனது போதாதா, மலை மேலயும் ஊதணுமா?" என்று ஒரே கேள்வியில் அதை அவள் தள்ளிவிட்டாள். ஊதப் போவது நான்தான் என்று சொன்னேன். "பொகை யார் பக்கம் வரும்?" என்றாள். அதுவும் சரிதான்.

கற்பூரம் மாதிரி ஒரு வில்லை வைத்து எரிக்கிற அடுப்பு ஒன்றை வரவழைத்தே விட்டேன். மடித்தால் சீட்டுக்கட்டு அளவு. வெள்ளை வில்லையை அவள் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, "இதைக் கொளுத்தி சாமிக்கிக் காட்டினா சாமியே எழுந்து போயிடும்" என்றாள். பாத்திரத்தின் அடியில் தார் பூசிய மாதிரி கரி வேறு. திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் பாய்தான் வழி சொன்னார். ஸ்பிரிட் பேச்சை அவர் மன்னித்துவிட்டிருந்தார்.

"அண்ணே, லேசு லேசுன்னு அலையாத. அண்ணிக்கி இன்னா வேணும்? ரெண்டு கிளாஸ் டீ. சீக்கிரம் கொதிக்கணும், பொகை வரக் கூடாது, காத்துல அணையக் கூடாது. சின்ன கேஸ் டப்பா மேல திருகற பர்னர் ஒண்ணு வருது. அத வாங்கு."

"எடை?"

"உன் தொப்பையில கொஞ்சம் கொறைச்சா சரியாப் பூடும்."

அடுப்பு வந்தது. மூன்று கால்களும் மடங்கி, கையை மூடினால் உள்ளே போய்விட்டது. விரித்தால் பூச்சி ஒன்று முதுகில் படுத்துக் காலை நீட்டின மாதிரி இருந்தது. பாயின் கடைத் தராசில் வைத்தேன். எண் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வந்தது. எடைமேடைக்காரன் நான், அதைப் பார்த்து உருகிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

"இன்னா இது? பொம்மை கல்யாணத்துக்கு வாங்கினீங்களா?"

"சிரிக்காத. உனக்காக வாங்கினது."

அதைக் கேட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, புது அடுப்பு எது வந்தாலும் எங்கள் வீட்டில் சொல்வதைச் சொன்னாள்: "ஒரு கரண்டி பால் காய்ச்சிட்டு எடுத்து வையுங்க."

ஒரு கரண்டி என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. எதையும் கூத்தாக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடுப்பைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். நகத்தளவு இடம் தேடிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஒரு சொம்புப் பாலை ஏற்றி, வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தேன். பால் எழும்பியது.

"போதும், எறக்குங்க."

"பொங்கி வழியணும்! வழிஞ்சாத்தான் ராசி!"

வழிந்தது. பெரிய அடுப்பில் பால் வழிந்தால் மேடையில் ஓடும், துடைத்துவிடலாம். இதற்கு மேடையே கிடையாது. முழுப் பாலும் பர்னர் தலையில் அபிஷேகமாக இறங்கியது. அடுப்பு 'புஸ்' என்று சொல்லி அணைந்தது. நான் வெளிப்பக்கம் பளபளவென்று துடைத்து, உறையில் போட்டு, முடிச்சுப் போட்டேன். மறுபடி பற்றவைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் டப்பாவில் இருக்கிற கேஸை மலைக்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

போகிற நாள் வந்தது. ஸ்கூட்டரை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில், அவளுடைய சித்தி வீட்டில் விட்டோம். சித்தி டீ போடக் கிளம்பினாள்; இவள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "வயிறு சரியில்லையா?" என்று சித்தி கேட்டதற்கு, "இல்ல சித்தி, இன்னிக்கி இவரு போடறாரு" என்றாள். சித்தி என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஏறினோம். கோமுகி அணைத் தண்ணீர் கீழே தகடு மாதிரி கிடந்தது. வளைவுக்கு வளைவு அது சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவள் ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். மூச்சு வாங்குவதற்கு நிற்கிறாள் என்று நினைத்து நானும் நின்றேன், உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு. அவள் நின்றது பார்ப்பதற்கு. "இந்த இடத்துல நான் கண்ண மூடிக்கினு இருந்திருப்பேன்," என்றாள். அடுத்த வளைவில், "இங்கயும்தான்." ஓரிடத்தில் பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்து வழிந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தலைவலி ஆரம்பித்துவிட்டது என்பது அவள் புருவத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அவள் ஈரக்கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு நடந்தாள்.

ஏற்றம் முடிந்ததும் ஒரு சின்ன மலை ஊர். ஊருக்கு வெளியே சிமென்ட் நிழற்குடை, எதிரே சாமை விதைத்த சரிவு, அதற்கப்பால் மலை மேல் மலை. காட்டில் தீ மூட்டுகிற பேச்சே இல்லை. சிமென்ட் தரை, மூன்று பக்கம் சுவர், இதைவிட நல்ல சமையலறை கிடைக்காது. உள்ளே ஒரு மலைக்கார அம்மா மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு கீழே போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். என் மனைவி சிமென்ட் பலகையில் போய், காலை நீட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ம். போடுங்க."

நான் பையைத் திறந்தேன். அடுப்பு, டப்பா, பால் பவுடர், டீத்தூள், சின்னப் பாத்திரம். அடியில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், எங்கள் வீட்டு இஞ்சி இடிக்கிற கல்.

"இது எப்படி வந்தது?"

"இஞ்சி தட்ட வேணாமா?"

பிரஷ்ஷை வெட்டி எடையைக் குறைத்தவன், மலைக்குக் கல்லைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறேன்.

அடுப்பைத் திருகினேன். தீக்குச்சி உரசினேன். ஒரு பக்கமாக மஞ்சளாய் ஒரு சின்ன நாக்கு எட்டிப் பார்த்தது, இருமியது, செத்தது. நிழற்குடை முழுக்கத் தீய்ந்த பால் வாசனை. இன்னொரு குச்சி. இன்னொரு இருமல்.

"இன்னா ஆச்சு?" என்றாள் மலையைப் பார்த்தபடியே.

"ஒண்ணும் ஆவல."

"அதான் தெரியுதே."

பர்னரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கடுகளவு ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் காய்ந்த பாலாடை பூசியிருந்தது. ராசிக்காக நான் வழியவிட்ட அதே பால். ஊதினேன். தட்டினேன். முள் ஒன்றைப் பிடுங்கிக் குத்தினேன். முள் உள்ளேயே ஒடிந்து, அடைப்பு ஒன்று கூடியது. கிழங்கு மூட்டை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, ஆம்பளைய அல்லாட வுட்டுட்டு நீ பாட்டுக்கு உக்காந்துக்கினு கீறே?"

"நான் எழுந்து போய் தொட்டேன்னு வையுங்க," என்றாள் என் மனைவி, "அப்புறம் அது நான் போட்ட டீ ஆயிடும்."

அந்த அம்மா இதை யோசித்துப் பார்த்தாள். யோசித்துவிட்டு, "அதுவும் நெசந்தான்" என்று அவளும் காலை நீட்டிக்கொண்டாள். இப்போது என்னை வேடிக்கை பார்க்க இரண்டு பேர்.

என் மனைவி நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது விளையாட்டுப் புத்தி முழுக்க இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது ஒரு டம்ளர் டீ. அதற்கு நான் கிராம் பார்த்தேன், எழுபது அடுப்பு பார்த்தேன், நாதஸ்வரம் வாசித்தேன். டீயைத்தான் பார்க்கவில்லை. கையில் பர்னரோடு தரையில் குந்தியிருந்தேன். கண் எரிந்தது, தீக்குச்சிப் புகையாக இருக்கும்.

அவள் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளில் சின்னதாக ஒன்றைக் கழற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்தே என் பக்கம் போட்டாள். போட்டுவிட்டு மறுபடி மலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். எடைமேடையில்கூட அவ்வளவு கவனமாக நான் வேலை பார்த்ததில்லை. பாலாடை பொடிப்பொடியாக உதிர்ந்தது, முள்ளும் வந்தது. பற்றவைத்தேன். வட்டமாக, நீலமாக, சீறிக்கொண்டு பிடித்தது. கிழங்கு மூட்டை அம்மா, "அட!" என்றாள். என் மனைவி திரும்பவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

தண்ணீர் கொதிக்கும் முன்னாலேயே டீத்தூளைப் போட்டுவிட்டேன். அவளுக்கு அது சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், சொல்லிவிடக் கூடாதே என்று. பால் பவுடர் கட்டி தட்டியது. இஞ்சியைக் கல்லில் வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பாதி டீயில் விழுந்தது, பாதி சாலையைத் தாண்டிப் போயிற்று. இறக்கி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தேன். இருந்தது இன்னும் ஒரு டம்ளர். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருக்க நாம் மட்டும் குடிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதை மலைக்கார அம்மாவிடம் நீட்டினேன். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த கட்டி எனக்கு.

அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரையே இல்லியே?" என்றாள்.

"அவங்க ஒடம்புலயே ஜாஸ்தி கீது, அதான் போடல," என்றேன்.

என் மனைவி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு, சாமைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலைவலி போயிற்றா, பந்தயத்தில் ஜெயித்தேனா தோற்றேனா, எதுவும் அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

அப்போது மேல் வளைவில் ஹாரன் கேட்டது. வெள்ளிமலையிலிருந்து கீழே போகிற பஸ். மலைக்கார அம்மா மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரை என் கையில் திணித்து, மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, தரையில் அடுப்போடு உட்கார்ந்திருந்த என்னையும், பலகையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்து, "வர்றீங்களா?" என்றார்.

அவள் இறங்கிப் போகிறேன் என்றால் நியாயம் அவள் பக்கம்தான். நானே எழுந்து கேட்டேன்.

"பஸ் நிக்கிது. தலை வலிச்சா சொல்லு, ஏறிக்கலாம். எடுத்து வெக்கட்டுமா?"

"டீ ஆறிப்பூடும், உக்காருங்க."